வெர்னா குல்சிக்கின் கையெழுத்து

ஒரு நாற்காலி தனக்குச் சொந்தமில்லை என்று நன்றாகத் தெரிந்த ஒருவர், எழச் சொன்னபோது எழ மறுத்தால் அதைக் கடமை என்பதா, வீம்பு என்பதா? வெர்னா குல்சிக்கை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் போய் நிற்கிறேன். இரண்டுக்கும் நடுவே கோடு உண்டு என்று சொல்லும் புத்தகங்களைப் படித்திருக்கிறேன். அவரோடு ஒரே அலுவலகத்தில் பல வருடங்கள் இருந்தும் அந்தக் கோடு என் கண்ணில் பட்டதில்லை.

ஹூரான் ஏரிக்கரையில், போர்ட் கெல்லன் நகரில் எங்கள் அலுவலகம். மத்திய அரசின் வழக்குகளை நடத்துவது எங்கள் வேலை. நான் உரிமையியல் பிரிவு. தபால் நிலையப் படிக்கட்டில் பனியில் வழுக்கி விழுந்தவர்கள் அரசின்மேல் போடும் வழக்குகளுக்குப் பதில் எழுதுகிறவன். வெர்னா குற்றவியல் பிரிவில் சேர்ந்து, மெல்ல மேலே வந்து, கடைசியில் அதிபரின் நியமனத்தில் அலுவலகத்துக்கே தலைவரானார்.

அவருடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் இறந்த பிறகு, ஷூவின் மேல் மாட்டும் அவருடைய ரப்பர் காலணிகளை வெர்னா குளிர்காலம் முழுக்கப் போட்டுக்கொண்டு வருவார். காலுக்கு மிகப் பெரியவை. நீதிமன்றத்தின் பளிங்குத் தரையில் முதலில் அந்தச் சத்தம் வரும், பிறகு வெர்னா வருவார். மதியம் மேசையிலேயே டப்பா மத்தி மீனும் உப்பு பிஸ்கட்டும். அந்த வாடைக்குப் பயந்து ஒரு மணிக்கு மேல் அவர் அறைக்குள் யாரும் போகமாட்டார்கள்.

அன்பானவர் என்று சொல்ல முடியாது. இளம் வழக்கறிஞர்கள் எழுதிக் கொண்டுவருவதை எழுந்து நின்று உரக்கப் படிப்பார். மூச்சு வாங்கவைக்கும் வாக்கியம் வந்தால் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "இத நீ எழுதினியா, இல்ல எங்கேருந்தாவது உன்மேல விழுந்துதா?" என்பார். அழுதுகொண்டு வெளியே வந்தவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேர் நல்ல வழக்கறிஞர்கள் ஆனார்கள். மீதிப் பேர் வேறு ஊருக்குப் போனார்கள். எது அவரால், எது அவரையும் மீறி என்று எனக்குத் தெரியாது.

அவருடைய வாழ்க்கையில் முக்கியமான வழக்கு ஹெஸ்லர் சர்க்கரை ஆலை வழக்கு. எங்கள் பக்கம் பீட் கிழங்கிலிருந்துதான் சர்க்கரை எடுப்பார்கள். சர்க்கரைத் தூள் காற்றில் கலந்து நின்றால் அது வெடிமருந்துதான். தூசியை வாரந்தோறும் அகற்றுகிறோம் என்று ஆலை நிர்வாகம் மத்திய அரசின் ஆய்வாளர்களிடம் சொல்லிவந்தது. மாதக்கணக்கில் யாரும் விளக்குமாறுகூட எடுக்கவில்லை என்பது வெடித்த பிறகு தெரிந்தது. ஐந்து பேர் செத்தார்கள். அதில் ஒருவர் கஸ் ஷ்டானெக். அவருடைய மனைவி இர்மா, வெர்னாவோடு ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தவர்.

ஆய்வாளர்களிடம் பொய் சொன்ன குற்றத்துக்கு ஐந்து வருடத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அதற்குக் குற்றப்பத்திரிகையை கிராண்ட் ஜூரி ஒப்புக்கொள்ள வேண்டும். அதாவது ஊர்க்காரர்கள் இருபது பேர் சொச்சம் உட்கார்ந்து, சாட்சியம் கேட்டு, சரி என்று கை தூக்க வேண்டும். டோபியாஸ் அமுண்ட்சன் என்ற இளம் வழக்கறிஞர் அந்த ஆலையின் பொய்களைத் தோண்டி எடுக்கவே நான்கு வருடம் செலவிட்டிருந்தார். எங்கள் ஊரில் கிராண்ட் ஜூரி புதன்கிழமை மட்டுமே கூடும். கெடு முடிவதற்கு முன் ஒரே ஒரு புதன்கிழமைதான் மிச்சம் இருந்தது.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை வாஷிங்டனிலிருந்து போன் வந்தது. ஆட்சி மாறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆலை முதலாளி ஹெஸ்லர் புதிய அதிபரின் வெற்றி விழாவில் மேடையில் உட்கார்ந்திருந்தவர். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதற்கு எவரிடமும் ஆதாரம் இல்லை. என்னிடமும் இல்லை.

நான் அப்போது அவர் அறையில் இருந்தேன். கையில் மீன் எண்ணெய் இருந்ததால் வெர்னா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், சாயங்காலத்துக்குள்ள உங்க ராஜினாமா எங்களுக்கு வந்தாகணும். எல்லா மாவட்டத்துக்கும் இதேதான் சொல்றோம், உங்கள மட்டும் இல்ல."

"புதன்கிழமை வரைக்கும் குடுங்க. வியாழக்கிழமை காலையில நானே எழுதி அனுப்பறேன்."

"அது என் கையில இல்ல மேடம்."

"யார் கையில இருக்கு?"

"மேல இருக்கறவங்க கையில."

"அப்ப அவங்கள பேசச் சொல்லுங்க தம்பி. நீங்க சாப்டீங்களா?"

"இன்னும் இல்ல மேடம்."

"மொதல்ல போய் சாப்பிடுங்க. நான் ராஜினாமா பண்றதா இல்ல. என்னை வெச்சவர் அதிபர். தூக்கணும்னா அதிபர் கையெழுத்தோட வரட்டும்."

போனை வைத்துவிட்டு மிச்சமிருந்த மீனைச் சாப்பிட்டு முடித்தார்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஆட்சி மாறினால் எங்கள் தொழிலில் தலைவர்கள் போவது வழக்கம். கேட்பார்கள், எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வெர்னாவுக்கு முன் இருந்தவர் அப்படித்தான் ஒரு மணி நேரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார், அதனால்தான் வெர்னா அந்த நாற்காலிக்கு வந்தார். கேட்டதில் சட்ட மீறல் எதுவும் கிடையாது. கையில் இருக்கும் வழக்கை முடிக்கச் சில நாள் தருவதும் அதே வழக்கத்தின் இன்னொரு பாதி. அந்தப் பாதியை அவர்கள் தரவில்லை.

வெர்னாவின் கணக்கு எளிமையானது. அதிபரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் தயாராகி வருவதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் புதன்கிழமை வந்துவிடும். அந்தக் கணக்கை இன்றும் நான் குறை சொல்லமாட்டேன்.

மறுநாள் காலைச் செய்தியில், ராஜினாமா செய்ய மறுத்தவர் என்று அவர் பெயர் வந்தது. தவக்கால வெள்ளி, கறி தின்னாத நாள். மாலையில் சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் வழக்கம்போல மீன் வறுவல். வெர்னா தட்டோடு வரிசையில் வந்து நின்றதும் யாரோ ஒருவர் எழுந்து கை தட்டினார். பிறகு கூடமே எழுந்தது. எழாதவர்களும் இருந்தார்கள். ஆலையில் இன்னும் வேலை பார்க்கிற ஸ்டான் ப்ரூஸ் தன் மேசையிலிருந்தே சத்தம் போட்டார்.

"ஹெஸ்லர் குடுக்கற சம்பளத்துலதான் இந்த ஊர்ல அடுப்பு எரியுது, குல்சிக்! ஆலைய இழுத்து மூடிட்டா எங்களுக்கு நீயா பியரோகிக் கொழுக்கட்டை அவிச்சுப் போடுவ?"

"போடறேன் ஸ்டான். ஆனா நீ திங்கற அளவுக்கு மாவு இந்த மாநிலத்துலயே கிடையாது."

ஸ்டானின் மனைவிதான் முதலில் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் இர்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வெர்னாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டி, உனக்கு பயமாவே இல்லையா?"

"எனக்கென்னடி பயம். பென்ஷன் வயசு வந்தாச்சு."

"கஸ்ஸுக்காக இவ்வளவு பண்ற. நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்."

"இன்னும் ஒண்ணும் பண்ணல. புதன்கிழமை முடியட்டும்."

அந்தக் கைதட்டல் வெர்னாவுக்குப் பிடிக்கவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். அவருக்குப் பிடித்திருந்தது. கழுத்து சிவந்து, தட்டில் எதை வாங்கினோம் என்று தெரியாமல் கோஸ் சாலட்டை இரண்டு முறை வாங்கிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க யாரும் கைதட்டாத வேலையைச் செய்தவர். அதற்காக அவரைக் குற்றம் சொல்வது சிறுமை. ஆனால் அதன் பிறகு நடந்ததை யோசிக்கும்போது அதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் நேர்மை ஆகாது.

புதன்கிழமை காலை, கிராண்ட் ஜூரி மேல்மாடியில் கூடிக்கொண்டிருந்தபோது கடிதம் வந்தது. மின்னஞ்சல்தான். இரண்டு வரி. நீங்கள் பதவியிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறீர்கள், உங்கள் சேவைக்கு நன்றி. கீழே அதிபரின் கையெழுத்து. வெர்னா படித்தார், திரையை எங்கள் பக்கம் திருப்பினார். டோபியாஸும் நானும் படித்தோம்.

குற்றப்பத்திரிகை மேசைமேல் தயாராக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. தலைவரின் பெயர் மேலே அச்சில் இருக்கும், அவ்வளவுதான். வழக்கைச் செய்த வழக்கறிஞர்தான் கீழே கையெழுத்துப் போடுவார். தலைவர்கள் வருவார்கள், போவார்கள், கீழே இருக்கிற கையெழுத்து நிற்கும். வெர்னா தலைவரான பிறகு எந்தக் குற்றப்பத்திரிகையிலும் தன் கையால் கையெழுத்துப் போட்டதில்லை.

டோபியாஸ் பேனாவை எடுத்துவிட்டார்.

"குடுங்க பாஸ், நான் போடறேன். எப்பவும் நான்தானே போடறது."

"நீ போட்டா அடுத்த கடிதம் உனக்கு வரும்."

"வரட்டும்."

"வீட்ல ரெட்டைக் குழந்தைங்க. பொண்டாட்டி வேலைய விட்டிருக்கா. எனக்கு ஒரு பூனைகூட கிடையாது. தள்ளு."

நான் குறுக்கிட்டேன். "வெர்னா, கடிதம் வந்தாச்சு. இனிமே உன் கையெழுத்து செல்லுமா?"

"எந்த நேரத்துலேருந்துன்னு அதுல போட்டிருக்கா?"

"இல்ல."

"சம்பளம் இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் உண்டு. அப்ப அதிகாரமும் உண்டு."

நேரம் எழுதாத உத்தரவு அந்த நாளின் முடிவில்தான் நடைமுறைக்கு வரும் என்பது எங்களைப் போன்ற அரசு ஊழியர்களின் நினைப்பு. விடுப்பு, ஓய்வு, இடமாற்றம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். வாழ்நாளெல்லாம் அரசுச் சம்பளத்தில் இருந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

எழுந்து நின்று முழுக் குற்றப்பத்திரிகையையும் உரக்கப் படித்தார். எங்கும் மூச்சு முட்டவில்லை. டோபியாஸைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்க" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்று ஒருமுறைதான். பிறகு தன் பெயரை எழுதினார். கீழே வேறு யாருடைய கையெழுத்தும் இல்லை.

மேல்மாடியில் ஜூரிகள் கை தூக்கினார்கள். வழக்கு பதிவானது. வெர்னா சாவியை மேசையில் வைத்துவிட்டு, முன்வாசல் வழியாக, காமிராக்களுக்கு நடுவே அந்தப் பெரிய ரப்பர் காலணிகளோடு இறங்கிப் போனார். வெளியே பனி உருகிச் சேறாகக் கிடந்தது. ஊர் அவரைக் கொண்டாடியது. உணவகத்தில் அவரிடம் காசு வாங்க மறுத்தார்கள்.

கோடையில் ஹெஸ்லரின் வழக்கறிஞர்கள் மனுப் போட்டார்கள். கையெழுத்துப் போட்ட நேரத்தில் வெர்னா குல்சிக் அரசு வழக்கறிஞரே அல்ல, வழியில் போகும் ஒரு பெண்மணி, ஆகவே குற்றப்பத்திரிகை செல்லாது என்றார்கள். வெர்னாவைச் சாட்சியாக அழைத்தார்கள். அரசுத் தரப்பில் டோபியாஸ் மட்டும் உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்த தலைவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் இர்மாவும் மற்ற நான்கு குடும்பத்தாரும் இருந்தார்கள்.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். கடிதத்தை அவர் கையெழுத்துக்கு முன் பார்த்தாரா, பின் பார்த்தாரா. பார்க்கவில்லை என்றால் நல்லெண்ணத்தில் செய்தது என்று நீதிபதி விட்டிருக்கலாம். அந்த அறையில் என்ன நடந்தது என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும்.

"கடிதத்த எப்ப படிச்சீங்க மேடம்?"

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி."

"முழுசா படிச்சீங்களா?"

"ரெண்டு வரி சார். அத பாதி படிக்கறதுதான் கஷ்டம்."

நீதிபதிகூடச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, குனிந்து வெர்னாவைப் பார்த்தார். "மிஸ் குல்சிக், உங்க ஆபீஸ்ல கையெழுத்து போட முழுத் தகுதியோட ஒருத்தர் இருந்தாரே. அவர ஏன் போட விடல?"

"அது என் முடிவு, யுவர் ஆனர்."

"காரணம்?"

"காரணம் சட்டத்துக்குத் தேவையில்ல."

குற்றப்பத்திரிகை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. முறையான கையெழுத்தோடு ஆறு மாதத்துக்குள் மறுபடி தாக்கல் செய்யலாம். டோபியாஸ் அந்த வாரமே புதுப் பிரதி எடுத்துக்கொண்டு புதிய தலைவரிடம் போனார்.

"பாக்கலாம்" என்றார் அவர்.

மறு மாதமும் போனார். மறுபடியும் "பாக்கலாம்." தான் தனியாகத் தாக்கல் செய்வேன் என்று டோபியாஸ் சொன்னபோது வழக்கை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் டோபியாஸ் வேலையை விட்டுவிட்டு மாநிலத் தலைநகர் லான்சிங்குக்குக் குடிபோனார். எந்த வேலையைக் காப்பாற்ற வெர்னா தன் பெயரை எழுதினாரோ அந்த வேலை அப்படிப் போயிற்று.

இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்று உண்டு. உயிரோடு இருக்கும் வழக்கைக் கைவிட வேண்டுமானால் அரசு திறந்த நீதிமன்றத்தில் வந்து நின்று, நீதிபதியிடம் அனுமதி கேட்டு, காரணம் சொல்ல வேண்டும். செத்த வழக்கைச் செத்தபடியே விட்டுவைக்க யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். டோபியாஸின் கையெழுத்து இருந்திருந்தால் அவர்கள் வாயைத் திறந்தாக வேண்டியிருந்திருக்கும். வெர்னாவின் கையெழுத்து அவர்களுக்கு மௌனத்தைக் கொடுத்தது. வெர்னா ஏய்க்கவில்லை, கோழையாகவும் இல்லை. ஒரு பையனைக் காப்பாற்றப் பார்த்தார். அது நல்ல காரியம்தான் என்று சொல்லும்போதே, நல்ல காரியத்துக்கு ஐந்து குடும்பங்களின் வழக்கை விலையாகக் கொடுக்க அவருக்கு என்ன உரிமை என்றும் கேட்கத் தோன்றுகிறது. கைதட்டல் இல்லாத ஊரில் இருந்திருந்தால் பேனாவை அந்தப் பையனிடமே கொடுத்திருப்பாரோ என்னவோ.

ஜனவரியில் அந்த ஆறு மாதமும் முடிந்தது. அதை இர்மாவிடம் தானே சொல்ல வேண்டும் என்றார் வெர்னா. அவர் கார் பனியில் புதைந்து கிடந்ததால் நான் கூட்டிக்கொண்டு போனேன். இர்மா எங்களைச் சமையலறை மேசையில் உட்காரவைத்து காப்பி ஊற்றினார்.

"சொல்லு. மூஞ்சிலயே தெரியுது."

"நேத்தோட முடிஞ்சுது இர்மா. இனிமே யாராலும் தாக்கல் பண்ண முடியாது."

இர்மா கசகசா ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

"அந்தப் பையன் கையெழுத்து போட்டிருந்தா நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும்."

"அப்புறமும் அவங்க தூக்கிப் போட்டிருக்க மாட்டாங்களா?"

"போட்டிருக்கலாம். ஆனா கோர்ட்டுக்கு வந்து, இத நாங்க விடறோம்னு வாயால சொல்லியிருக்கணும்."

"அது போதும்டி எனக்கு." இர்மா கத்தியை வைத்தார். "அவங்கள்ல ஒருத்தன் எந்திரிச்சு நின்னு, கஸ் ஷ்டானெக் செத்தத நாங்க கேக்கப் போறதில்லன்னு சொல்றத நான் அங்க உக்காந்து கேட்டிருப்பேன். அவன் மூஞ்சிய பாத்திருப்பேன். அதுக்குக்கூட எனக்கு வழி இல்லாம போச்சு."

இர்மா வெர்னாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. என் புருஷனுக்காக நீ நின்னியா? இல்ல, நீ நிக்கறதுக்கு ஒரு எடம் வேணும்னு என் புருஷன் மேல நின்னியா?"

நீதிபதிக்குக் கொடுத்த பதிலை வெர்னா இவரிடம் கொடுக்கவில்லை. இர்மா ரொட்டித் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"காப்பி ஆறுது. குடி" என்றார்.

குடித்தோம். திரும்பி வரும்போது காரில் வெர்னா ஏரிப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். நன்றி என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் அலுவலக நிர்வாகி ஒரு தாளோடு என் அறைக்கு வந்தார். "இத பாருங்களேன். இவங்கள நீக்கி பத்து மாசம் ஆகுது. இத நான் எந்த ஃபைல்ல வெக்கறது?"

வெர்னா வாஷிங்டனுக்கு அனுப்பியதன் நகல் அது. ஒரே வரி. மத்திய அரசு வழக்கறிஞர் பதவியிலிருந்து விலகுகிறேன். போன் வந்த அந்த வியாழக்கிழமையின் தேதியை அவர் போடவில்லை. இர்மா வீட்டிலிருந்து திரும்பிய அன்றைய தேதியைப் போட்டு, கீழே முழுப் பெயரையும் எழுதியிருந்தார். பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தார். இர்மா கேட்ட கேள்விக்கு அவருடைய பதில் இதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.